கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

ஜெர்மனி நாட்டில் நூரம்பர்க் என்னும் நகரம் உண்டு. அந்நகரில் வாழ்ந்த ஓவிய மேதை ஆல்பிரக்ட் டூரர் 1525-ஆம் ஆண்டில் அளவைக் கலையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலின் இறுதியில் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று இருக்கிறது. அதில் இருவர் ஒரு மேசையருகே நின்று ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். மேசையின்மேல் லூட் என்னும் நரம்பிசைக் கருவி ஒன்று கிடக்கிறது. சுவரில் ஒரு வளையம். அவ்வளையத்தின் வழியாக ஒரு நூல் செல்கிறது. நூலின் ஒரு முனையில் ஈயக் குண்டு தொங்குகிறது. மறு முனையை ஒருவர் இழுத்துச் சென்று இசைக்கருவியின்மேல் ஓரிடத்தில் ஊன்றுகிறார். நடுவே ஒரு மரச்சட்டம் நிற்கிறது. நூல் அச்சட்டத்தை எந்த இடத்தில் கடக்கிறதோ அந்த இடத்தை மற்றொருவர் குறித்துக்கொள்கிறார். பின்னர் நூலை அகற்றிவிட்டு, சட்டத்தோடு கீல் வைத்துப் பிணைத்த கதவை மூடுகிறார். கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது. குறித்த இடத்தில் காகிதத்தின்மேல் ஒரு புள்ளி வைக்கிறார். இவ்வாறே புள்ளி புள்ளியாக இசைக்கருவியின் உருவம் காகிதத்தில் எழுகிறது.

இந்தக் காட்சியில் சுவரிலுள்ள வளையமே கண். நூலே பார்வைக் கோடு. கதவிலுள்ள காகிதமே படம். ஓவியனின் கைத்திறனுக்கு இங்கு வேலையில்லை. கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு நேர்கோட்டைப் பிடித்து, அது படத்தளத்தை வெட்டும் இடத்தைக் கண்டால் போதும். இதற்கு 443 ஆண்டுகள் கழித்து, 1968-இல், அமெரிக்காவில் ஒருவர் இதே வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பித்தார். நூலுக்குப் பதிலாக எண்கள் வந்தன. ஆங்கிலத்தில் 'ரே டிரேசிங்' என்று வழங்கும் அம்முறையைக் கதிர்த்தொடர் முறை என்று நாம் கூறலாம். திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் கட்டிடக் கலைஞரின் வரைவறைகளிலும் நாம் இன்று காணும், புகைப்படமோ என்று ஐயுறத்தக்க கணிப்பொறிப் படங்கள் பலவும் இம்முறையிலிருந்து பிறந்தவையே. அது வளர்ந்த வரலாற்றைப் பார்ப்போம்.

கண் எவ்வாறு காண்கிறது? பழங்கால மக்களை மயக்கிய வினாக்களுள் இது ஒன்று. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணித மேதை யூக்ளிட், கண்ணிலிருந்து கதிர்கள் நேர்கோடாகப் புறப்பட்டுப் பொருள்களைச் சென்று தொடுகின்றன என்று கொண்டு தம் ஒளியியல் நூலை எழுதினார். அவருக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னர், பாஸ்ரா நகரில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் இக்கொள்கையை மறுத்தார். சூரியனை உற்று நோக்கினால் கண் வருந்துகிறது; ஆகவே ஒளி வெளியிலிருந்துதான் கண்ணுக்குள் வருகிறது என்று அவர் காட்டினார். விளக்கின் ஒளி பொருளின்மேல் படுகிறது. அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அதில் ஒரு சிறு பங்கே நம் கண்ணை வந்தடைகிறது. இன்று நாம் ஏற்றுக்கொள்வதும் இதுவே.

அப்படியானால், படம் கணக்கிட விரும்புவோர் விளக்கிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்? இங்கேதான் ஒரு விந்தை நிகழ்கிறது. விளக்கிலிருந்து கோடிக்கணக்கான கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை சுவரில் பட்டும் வானில் கலந்தும் போய்விடுகின்றன. கண்மணி என்னும் சிறு துளைக்குள் நுழைபவை மிகச் சிலவே. நுழையாத கதிர்களை எல்லாம் கணக்கிட்டால் உழைப்பு முழுவதும் வீண். ஆனால் ஒளிக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு வழியே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பினால், அது வந்த வழியே மீளும். ஆகவே கண்ணிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சென்றாலும் அதே பாதைதான் கிடைக்கும். அதுவும் கண்ணுக்குப் பயன்படும் பாதைகள் மட்டுமே கிடைக்கும். பார்வையைப் பற்றிய கொள்கை என்ற அளவில் யூக்ளிட் கூறியது பிழை. கணக்கிடும் முறை என்ற அளவில் அதுவே சிறந்த வழியாயிற்று.

ஒளிக்கதிரை எண்களால் பின்தொடர்வதும் புதிய செயல் அன்று. பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில் வானவில்லை ஆராய்ந்தார். ஒரு மழைத்துளியை உருண்டையாகக் கொண்டு, அதன் பல இடங்களில் நுழையும் கதிர்கள் எவ்வாறு வளைந்து, உட்புறத்தே மோதித் திரும்பி, வெளிவருகின்றன என்று ஒவ்வொன்றாகக் கையால் கணக்கிட்டார். பெரும்பாலான கதிர்கள் ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தருகே நெருங்கிக் குவிவதைக் கண்டார். வானவில் அந்தக் கோணத்தில் தோன்றுவதற்குக் காரணமும் அதுவே. பின்வந்த கண்ணாடி வில்லை வடிவமைப்போரும் இவ்வாறே கதிர்களைக் காகிதத்தில் தொடர்ந்தனர். ஆனால் ஒரு வில்லைக்குச் சில கதிர்கள் போதும். ஒரு படத்திற்கோ இலட்சக்கணக்கில் வேண்டும். அந்த உழைப்பைத் தாங்கும் கருவி வரும்வரையில் இவ்வெண்ணம் காத்திருக்க நேர்ந்தது.

கணிப்பொறி செய்யும் வேலை யாது என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் அறியலாம். திரையில் தோன்றும் படம் பிக்ஸல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு படப்புள்ளியின் வழியாகவும் கண்ணிலிருந்து ஒரு கதிரைச் செலுத்தி, 'இக்கதிர் முதலில் எந்தப் பொருளைத் தொடுகிறது?' என்று கேட்க வேண்டும். கண்ணுக்கு நேர் எதிரே 10 அலகுத் தொலைவில் ஒரு பந்தின் மையம் இருப்பதாகவும், அதன் ஆரம் 3 அலகு என்றும் கொள்வோம். கதிர் சென்ற தூரத்தைத் 'த' என்று குறிப்போம். நேர் முன்னோக்கிச் செல்லும் கதிருக்கு, அது பந்தின் பரப்பில் இருக்க வேண்டிய நிபந்தனையை எழுதினால் த² − 20த + 91 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். விடைகள் 7, 13. கதிர் 7 அலகு தூரத்தில் பந்தின் முன்புறத்தைத் தொட்டு, 13 அலகு தூரத்தில் பின்புறத்தே வெளியேறுகிறது என்பது பொருள். நமக்குத் தெரிவது முன்புறம். ஆகவே சிறிய விடையைக் கொள்கிறோம்.

இனி, ஒவ்வோர் 5 அலகு பயணத்திலும் 4 அலகு முன்னும் 3 அலகு வலப்புறமும் விலகிச் செல்லும் மற்றொரு கதிரை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய சமன்பாடு த² − 16த + 91 = 0 என்பதாகும். 256-இலிருந்து 364-ஐக் கழித்தால் எஞ்சுவது −108. வர்க்கமூலம் காண முடியாத எதிர்மறை எண். ஆகவே மெய்யான விடை இல்லை. கணித ஆசிரியர் 'மெய்யான மூலங்கள் இல்லை' என்று கரும்பலகையில் எழுதும்போது, 'இதற்கு என்ன பயன்?' என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். இங்கே அதன் பொருள் மிகத் தெளிவானது: கதிர் பந்தைத் தொடவில்லை, அந்தப் படப்புள்ளியில் பின்னால் உள்ள வானம் தெரிகிறது. பள்ளிக் கணிதம் இவ்வாறு ஒரு வட்ட விளிம்பை வரைந்துவிடுகிறது.

பொருளைக் கண்டாயிற்று. அது எவ்வளவு ஒளியோடு தோன்ற வேண்டும்? 1760-இல் லாம்பர்ட் என்னும் அறிஞர் இதற்கு விதி வகுத்திருந்தார். பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் விளக்கின் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனுக்கு ஏற்ப ஒளி அமையும். விளக்கு நேர்மேலே இருந்தால் முழு ஒளி. 60 பாகை சாய்ந்தால் பாதி ஒளி. காலை வெயிலும் நண்பகல் வெயிலும் வேறுபடுவதற்கு ஒரு காரணம் இதுவேயன்றோ?

இவ்விரண்டு கருத்துகளையும் இணைத்து, கணிப்பொறிப் படத்தில் நிழலை வீழ்த்தியவர் ஆர்தர் அப்பெல். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், 1968-இல் ஒரு மாநாட்டில் தம் முறையை வெளியிட்டார். கதிர் தொட்ட இடத்திலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிரை அனுப்பினார். இடையில் ஏதேனும் தடுத்தால் அவ்விடம் நிழல், தடையில்லையெனில் ஒளி. வண்ணத்திரை அவரிடம் இல்லை. வரைபொறியின் பேனா சிறு சிறு கூட்டல் குறிகளைக் காகிதத்தில் இட்டது. குறி பெரிதானால் அவ்விடம் இருள். கம்பிச்சட்டம் போன்ற கோட்டுப் படத்தை வரைவதைவிடத் தம் முறைக்குப் பல ஆயிரம் மடங்கு நேரம் ஆகிறது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அப்பெலின் படத்தில் நிழல் இருந்தது. கண்ணாடி இல்லை, நீர் இல்லை, பளபளப்பு இல்லை. எதை விட்டுவிட்டோம் என்பதை அவரும் அறிந்திருந்தார், பின்வந்தவர்களும் அறிந்திருந்தனர். கதிர்த்தொடர் முறையின் வரலாறு முழுவதும், முன்னவர் விட்டதைப் பின்னவர் ஒப்புக்கொண்டு நிரப்பிய வரலாறாகவே அமைந்திருக்கிறது.

இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தில், மாகி என்று சுருக்கமாக வழங்கிய நிறுவனம் ஒன்று இருந்தது. 1966-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் அணுக்கதிர்வீச்சு பொருள்களை எவ்வாறு ஊடுருவுகிறது என்று கணக்கிட்டு வந்தது. பந்து, பெட்டி, உருளை ஆகிய எளிய வடிவங்களை ஒன்றோடொன்று கூட்டியும் கழித்தும் சிக்கலான இயந்திரங்களை எண்களால் விவரித்து, அவற்றினூடே கதிர்களைச் செலுத்தினார்கள். அணுக்கதிர் செல்லும் பாதையில் ஒளிக்கதிரைச் செலுத்தினால் என்ன? கோல்ட்ஸ்டீன், நேகல் என்னும் இருவர் 1971-இல் அம்முறையில் படங்கள் ஆக்குவதை விளக்கினர். 1982-இல் வெளிவந்த 'டிரான்' என்ற திரைப்படத்தின் சில காட்சிகளை அந்நிறுவனமே உருவாக்கியது. அழிவுக் கருவியின் விளைவை அளக்கப் பிறந்த கணக்கு, கண்ணுக்கு விருந்தளிக்கும் கலையாக மாறிற்று.

பளபளப்பைப் பற்றியும் ஒரு சொல். வியத்நாமில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர் ஃபாங் என்னும் இளைஞர். பொருளின்மேல் விளக்கின் ஒளி பட்டுத் தெறிக்கும் வெள்ளைத் திட்டினைக் கணக்கிட 1975-இல் ஓர் எளிய வாய்பாட்டை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே நோயால் மறைந்தார். அவர் வாய்பாடு இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அது இயற்பியலிலிருந்து பெற்றதன்று. கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றிய ஓர் அண்ணளவு.

கதிர்த்தொடர் முறைக்கு முழு உயிர் தந்தவர் டர்னர் விட்டட். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவருடைய கட்டுரை 1980-இல் அச்சேறியது. அவர் கருத்து இதுதான்: கதிர் ஒரு பொருளைத் தொட்டதும் நின்றுவிட வேண்டியதில்லை. பொருள் கண்ணாடி போன்றதாயின், விழும் கோணத்துக்குச் சமமான கோணத்தில் ஒரு புதிய கதிர் எதிரொளித்துச் செல்லட்டும். ஒளி ஊடுருவும் பொருளாயின், ஒளிவிலகல் விதிப்படி வளைந்து மற்றொரு கதிர் உள்ளே செல்லட்டும். விளக்கை நோக்கிப் பழையபடியே நிழற்கதிர் செல்லட்டும். புதிய கதிர் ஒவ்வொன்றும் தான் தொடும் இடத்தில் இதே கேள்வியைக் கேட்கட்டும். அடிமரம் ஒன்று கிளைகளாகவும், கிளைகள் சிறு கொம்புகளாகவும் பிரிவதுபோலக் கதிர்கள் பெருகும். நுனிகளில் கிடைத்த ஒளியை எல்லாம் கூட்டிக்கொண்டு அடிமரத்துக்குத் திரும்பினால், அந்தப் படப்புள்ளியின் நிறம் கிடைத்துவிடும்.

முடிதிருத்தும் நிலையத்தில் எதிரெதிராக இரு கண்ணாடிகள் மாட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒன்றில் மற்றொன்று, அதற்குள் முதலாவது என்று முடிவின்றிச் செல்லும். அங்கே கதிருக்கு முடிவே இராது. ஆகவே, குறிப்பிட்ட முறை கிளைத்தபின் நிறுத்திவிடுமாறு நிரலில் கட்டளை இட வேண்டும். இத்தகைய நிரலை முதன்முதலாக எழுதுவோர் மற்றொரு தொல்லையையும் சந்திப்பர். கணிப்பொறியின் எண்களில் மிகச் சிறு பிழை எப்போதும் உண்டு. பரப்பின்மேல் இருக்க வேண்டிய புள்ளி, மயிரிழை அளவு உள்ளே அமைந்துவிடும். அங்கிருந்து புறப்படும் நிழற்கதிர் அதே பரப்பில் மோதி, 'இது நிழல்' என்று சொல்லிவிடும். படம் முழுவதும் கரும்புள்ளிகள் அம்மைத் தழும்புபோலத் தோன்றும். தொடக்கப் புள்ளியைச் சிறிது வெளியே தள்ளி வைத்தால் தொல்லை தீரும். தத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது; கருவியின் குறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

விட்டட் ஆக்கிய படங்களுள் ஒன்று புகழ் பெற்றது. கட்டம் போட்ட தரையின்மேல் இரு பந்துகள். ஒன்று கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது, மற்றொன்று எதிரொளிப்பது. 640-க்கு 480 என்ற அளவில் 3,07,200 படப்புள்ளிகள் கொண்ட அந்தப் படத்தைக் கணக்கிட, அக்காலத்து வாக்ஸ் கணிப்பொறிக்கு 74 நிமிடங்கள் ஆயின. நேரம் எதில் செலவாயிற்று? எளிய காட்சிகளில் நூற்றுக்கு 75 பங்கும், சிக்கலான காட்சிகளில் 95 பங்கும், 'கதிர் எதைத் தொடுகிறது?' என்று தேடுவதிலேயே போயின என்று விட்டட் கண்டார்.

தேடலைக் குறைப்பது எப்படி? நம் அஞ்சல் நிலையம் செய்வதையே செய்ய வேண்டும். ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார் இல்லை. மாநிலம், மாவட்டம், ஊர், தெரு என்று படிப்படியாக இறங்குகிறார்கள். அதுபோலப் பொருள்களைக் கூட்டங்கூட்டமாகப் பெட்டிகளுக்குள் அடக்க வேண்டும். பெரிய பெட்டியையே கதிர் தொடவில்லையென்றால் அதனுள் இருக்கும் ஆயிரம் பொருள்களையும் சோதிக்க வேண்டியதில்லை. ரூபின் என்பவரோடு சேர்ந்து விட்டட் 1980-லேயே இம்முறையை வகுத்தார். பெட்டிகள் நன்கு அமைந்தால், பொருள்கள் இருமடங்கானாலும் ஒரு கதிரின் வேலை ஓரிரு படிகளே கூடும். இந்த அடுக்கு முறை இல்லாவிடில் இன்றைய விரைவுக் கணிப்பொறிகளாலும் பயனில்லை.

இனி, விட்டட் விட்டதை நோக்குவோம். அவர் படத்தில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருந்தது. உலகில் நிழல் அப்படியா விழுகிறது? விளக்குக்கு அளவு உண்டு. ஆகவே நிழலுக்கு மங்கிய ஓரம் உண்டு. ஓடும் பந்து புகைப்படத்தில் தீற்றலாகத் தெரியும். புகைப்படப் பெட்டியின் வில்லை ஒரு தொலைவை மட்டுமே கூர்மையாகக் காட்டும். இம்மூன்றுக்கும் ஒரே மருந்தைக் குக், போர்ட்டர், கார்ப்பென்டர் ஆகிய மூவர் 1984-இல் கண்டனர். லூகாஸ் பிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய அவர்கள், ஒரு படப்புள்ளிக்குப் பல கதிர்களை அனுப்பி, அவற்றைச் சீட்டுக் குலுக்குவதுபோலச் சிதறச் செய்தார்கள். ஒரு கதிர் விளக்கின் இந்த மூலையை நோக்கும். மற்றொன்று அந்த மூலையை நோக்கும். ஒன்று இந்தக் கணத்தில் பார்க்கும். மற்றொன்று அடுத்த கணத்தில் பார்க்கும். யாவற்றின் சராசரியே நிறம். மேசைப் பந்தாட்டத்தின் பந்துகள் உருண்டோடும் காட்சியை அவர்கள் இம்முறையில் தீட்டிக் காட்டினர்.

குலுக்கலால் விடை காணும் இவ்வழிக்கு மாண்டி கார்லோ முறை என்று பெயர். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் உலாம், தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது. ஆட்டம் வெற்றி பெறும் வாய்ப்பை முழுதும் கணக்கிடுவதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று அவர் நினைத்தார். அணுவாராய்ச்சியில் நியூட்ரான்களின் பாதையைக் கணக்கிட அது பயன்பட்டது. பின்னர் ஒளிக்கும் அதுவே வழியாயிற்று.

இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது. வெயில் புகாத அறையிலும் பகலில் வெளிச்சம் இருக்கிறதே, ஏன்? சன்னலில் நுழைந்த ஒளி தரையில் பட்டுச் சுவருக்கும், சுவரிலிருந்து கூரைக்கும் தாவுகிறது. சிவப்புச் சுவரின் அருகே நிற்கும் வெள்ளைச் சட்டையில் இளஞ்சிவப்புச் சாயல் படிகிறது. இப்பரிமாற்றத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1984-இல் வேறு வழியாகக் கணக்கிட்டனர். வண்ணச் சுவர்களும் வெள்ளைப் பரப்புகளும் கொண்ட ஓர் எளிய பெட்டியே அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி. அத்தோடு நில்லாமல், அத்தகைய பெட்டி ஒன்றை மெய்யாகவே செய்து விளக்கேற்றினர். 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மெய்ப்பெட்டியின் தோற்றத்தையும் கணக்கிட்ட படத்தையும் பார்வையாளர்களுக்கு அருகருகே காட்டி, 'இவற்றுள் உண்மை எது?' என்று வினவினர். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் கிட்டியிருக்கும் வெற்றிக்கு மேல் பார்வையாளர்களுக்குக் கிட்டவில்லை.

அதே 1986-இல் ஜேம்ஸ் கஜியா ஒரே சமன்பாட்டில் அனைத்தையும் அடக்கினார். ஓரிடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அவ்விடம் தானே உமிழும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து விழுந்து அது திருப்பியனுப்பும் ஒளியும் சேர்ந்தது. வந்து விழும் ஒளியோ பிற இடங்கள் அனுப்பியது. ஆகவே ஒவ்வோரிடமும் மற்ற எல்லா இடங்களுக்கும் கடன்பட்டிருக்கிறது. இதனைத் தீர்க்க அவர் கண்ட வழி, ஒவ்வொரு தொடுமிடத்திலும் ஒரே ஒரு திசையைக் குலுக்கலால் தேர்ந்து, ஒரு முழுப் பாதையாகத் தொடர்வது. பின்னர் அத்தகைய பாதைகள் பலவற்றின் சராசரியை எடுப்பது. இதற்கும் ஒரு விலை உண்டு. பாதைகள் குறைவாயின் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் இரையும். அவ்விரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு பாதைகள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு வேண்டும்.

இந்த விலைக்கு அஞ்சியே திரைப்படத் துறை நெடுங்காலம் ஒதுங்கி நின்றது. மாகி நிறுவனத்தில் பணியாற்றியோர் சிலர் 1987-இல் சேர்ந்து தொடங்கிய புளூ ஸ்கை என்னும் படநிலையம், 1998-இல் 'பன்னி' என்ற குறும்படத்தில் ஒளியின் பரிமாற்றத்தை நுணுக்கமாகக் காட்டி ஆஸ்கர் பரிசு பெற்றது. பிக்ஸார் நிறுவனம் 2006-இல் 'கார்ஸ்' படத்தில் வண்டிகளின் பளபளப்புக்காகக் கதிர்த்தொடர் முறையைக் கைக்கொண்டது. 2013-இல் வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி' படத்தில் ஒளியின் முழுப் பரிமாற்றத்தையும் அம்முறையாலேயே கணக்கிட்டது. 2018-இல் என்விடியா நிறுவனம் கதிர் தொடுமிடத்தைத் தேடுவதற்கென்றே தனி உறுப்புகள் பொருத்திய சில்லுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. 74 நிமிடங்கள் காத்திருந்து பெற்ற காட்சியைப் போன்றதை, விளையாடும் சிறுவர்கள் இன்று ஒரு நொடியில் பலமுறை காண்கிறார்கள்.

மாணவர்களே! இவ்வளவும் கண்ணைக் கவரும் வித்தைதானா என்று கேட்கலாம். ஒரு செய்தியைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிரெக் வார்டு என்பவர் 1980-களில் 'ரேடியன்ஸ்' என்ற நிரலை உருவாக்கத் தொடங்கினார். கட்டப்படாத கட்டிடத்திற்குள் பகல் ஒளி எவ்வளவு வரும் என்று அந்நிரல் கதிர்களைத் தொடர்ந்து கணக்கிட்டுக் கூறும். ஒரு பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். கடைசி வரிசையில் அமரும் பிள்ளைக்குப் புத்தகம் தெரியுமா? சன்னலை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது? அழகுக்காகச் சற்று ஒளி கூட்டித் தீட்டிய படத்தை நம்பிக் கட்டிவிட்டால், பின்னர்ச் சுவரை இடித்துச் சன்னலை மாற்ற முடியாது. அப்பிள்ளை ஆண்டு முழுவதும் இருளில் கண்ணைச் சுருக்கிப் படிக்கும். படம் அழகாயிருப்பது ஒன்று, மெய்யாயிருப்பது மற்றொன்று. கணக்கில் எதை விட்டோம் என்று சொல்லும் நேர்மை இங்கே இன்றியமையாதது.

புகைப்படத்துக்கும் இப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது. புகைப்படம், தன் முன்னே ஏதோ ஒன்று இருந்தது என்பதற்குச் சான்று. கணக்கிட்ட படம், அதை ஆக்கியவர் கொடுத்த விவரத்துக்கு மட்டுமே சான்று. விவரம் பொய்யாயின், மெய்யான ஒளி விதிகளே அப்பொய்யை மெய்போல விளக்கேற்றிக் காட்டிவிடும். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் முன்னோர் எச்சரித்தது இக்காலத்திற்கே உரைத்ததுபோல் இருக்கிறது. படம் ஆக்கும் வகையை அறிந்தவர்கள் அதனை எளிதில் நம்பி ஏமாற மாட்டார்கள். இக்கலையை நீங்கள் கற்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கற்பதும் அரிதன்று. பால் ஹெக்பர்ட் என்னும் கணிப்பொறி அறிஞர் இத்தகைய நிரல் முழுவதையும் ஒரு முகவரி அட்டையில் அடங்குமாறு சுருக்கி எழுதிக் காட்டினார். உங்கள் கல்லூரிக் கணிப்பொறி, விட்டட்டுக்கு வாய்த்ததைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது. முதலில் ஒரு கண்ணையும், ஒரு பந்தையும், ஒரு விளக்கையும் எண்களால் குறியுங்கள். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து வட்ட விளிம்பைக் காணுங்கள். லாம்பர்ட் விதியால் பந்துக்கு உருட்சி கொடுங்கள். அப்பெலைப் போல நிழலை வீழ்த்துங்கள். விட்டட்டைப் போலக் கண்ணாடியாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் நின்று, மேசைமேல் ஒரு பந்தை மெய்யாகவே வைத்து, சன்னலோரத்தில் அமர்ந்து பாருங்கள். உங்கள் படத்தில் இல்லாத ஏதோ ஒன்று அப்பந்தில் இருக்கும். மேசையின் நிறம் அதன் அடிப்புறத்தில் மெல்லப் படிந்திருக்கலாம். நிழலின் ஓரம் கரைந்திருக்கலாம். அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் கண்ணே அடுத்த படிக்கு வழிகாட்டும். நூரம்பர்க் நகரத்து மேசையருகே நூல் பிடித்து நின்றவர்கள் தொடங்கிய வேலை அது, இன்னும் முடிந்துவிடவில்லை.